ஒன்பதாவது கோப்பு

பத்துமித் துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
பாலே பள்ளி சியூரி
குடையை மடக்காமலே கடைக்குள் வந்தாள்.
பென் டிரைவை மேசைமேல் வைத்து
"உள்ளே லாமரா இருக்கிறாள்,
வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்" என்றாள்.

மிடி கோப்புகள். பள்ளி ஸ்பீக்கருக்குப் புரியாது.
எந்த விசை, எத்தனை அழுத்தம்,
விரல் எப்போது எழுந்தது,
இதில் இருப்பது அவ்வளவுதான் என்றேன்.
ஏட்டுச் சுரைக்காய்.
கறியாக்க அடுப்பு என்னிடம் உண்டு,
ஒன்றுக்கு இரண்டு லரி, வெள்ளிக்கிழமை வாருங்கள்.

லாமரா பதினாறு வருடம்
அவள் வகுப்புக்குப் பியானோ வாசித்தவள்.
இப்போது போலந்தில், லூபுளினில்,
படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள்.
அந்த வீட்டில் ஒரு மின் பியானோ.
அவர் தூக்கம் கலையக் கூடாது,
ஹெட்போன் வாங்கக் காசில்லை.
ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு
இருட்டில் விசைகளை அழுத்தியிருக்கிறாள்.
வாசித்தவளே கேட்காத வாசிப்பு.

இரவு உட்கார்ந்தேன்.
கச்சேரி மண்டபத்துப் பெரிய பியானோவின் ஒலி
என் கணினியில் இருக்கிறது.
சியூரியின் பள்ளிப் பியானோவையும் பார்த்திருக்கிறேன்,
கடல் ஈரத்தில் பலகை உப்பியது.
மட்டமான ஒன்றைத் தேடி எடுத்தேன்.

தாளத்தை நேராக்க ஒரு பொத்தான் உண்டு.
மூன்றாம் அடிக்கு எப்போதும்
மயிரிழை பிந்துகிறாள் லாமரா.
பிள்ளைகள் முட்டி மடக்கிக் கீழே போகும் நேரம் அது.
பொத்தானைத் தொடவில்லை.

நாலாவதில் இடது கை
அரைச்சுரம் தள்ளி உட்கார்ந்துவிட்டது.
அத்தனை சுரத்தையும் மவுஸால் வளைத்து
ஒரு படி கீழே இறக்கினேன்.
ஒலியாகிவிட்ட பிறகு இது நடக்காது.
வெந்த சோற்றிலிருந்து
உப்பைப் பொறுக்க முடியுமா?

ஐந்தின் நடுவில் எட்டு எண்ணிக்கை வெற்றிடம்.
ஆறிலும்.
பழுதென்று வெட்டப் போய், எதற்கும் போன் செய்தேன்.
"வெட்டாதே" என்றாள் சியூரி.
"அது என் இடம். அங்கேதான் திட்டுவேன்."

நாலு நிமிட வாசிப்பை
ஒன்பது நொடியில் ஒலியாக்குகிறது கணினி,
அதற்கும் காது கிடையாது.
ஷட்டரை இறக்கிவிட்டு
உலகத்தில் முதல் ஆளாகக் கேட்டேன்.
பெரிய வாசிப்பு என்று சொல்ல மாட்டேன்.
ஏழில் இரண்டு பிழை, எட்டு அவசரம்.
என் கால் மட்டும் நாற்காலிக்கடியில்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது
இரண்டு நிமிடம் பதினெட்டு நொடி.
ஒலிக்கோட்டில் ஒரு மேடும் இல்லை.
இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு.
கோப்பைப் பிரித்துப் பட்டியலைப் பார்த்தேன்.
ஒரு விசைகூட அழுத்தப்படவில்லை.
பெடல் மட்டும்
கீழே, மேலே,
கீழே, மேலே,
வால்ட்ஸின் மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறை.
கைகள் எங்கே இருந்தன?
மடியிலா, அவரைப் புரட்டிப் படுக்கவைத்த
வலியிலா?
மிடியில் அதற்கு எண் கிடையாது.

வெள்ளிக்கிழமை சியூரி
பதினாறு லரி எண்ணி வைத்தாள்.
"ஒன்பதாவது காலி. காலிக்குக் காசு கிடையாது."
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள்.
அவள் வலது பாதம்
ஈரத் தரையில் அழுந்தியது, எழுந்தது,
அழுந்தியது.
பட்டியல் முடியும்வரை
நான் விசைப்பலகையைத் தொடவில்லை.

"தோளை இறக்கு" என்றாள், யாரிடமோ.

பிறகு கோட்டுப் பையைத் துழாவி
ஒற்றை நாணயம் ஒன்றை எடுத்து
நோட்டுகள்மேல் வைத்தாள்.
"பள்ளிக் கணக்கு.
ரசீதில் எட்டு என்றே எழுது."